வாரம் பெர்சி: ஒரே குழியிலிருந்து இரண்டு முடிவுகள் எப்படி?

கேள்வி

வட யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்னும் கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். இடைக்காலக் கட்டடம் என்று அங்கே இன்று நிற்பது கூரையிழந்த புனித மார்ட்டின் தேவாலயம் மட்டுமே. மற்றவையெல்லாம் புல் மூடிய மேடுகளும் பள்ளங்களும்தாம். குடியானவர் வீடுகள் தலைமுறைக்கு ஒருமுறை இடிந்து மீண்டும் கட்டப்பட்டன என்று பழைய கட்டுரைகள் சொல்ல, அவை நெடுங்காலம் நின்ற உறுதியான வீடுகள் என்று பின்வந்தவை சொல்கின்றன. ஒரே அகழாய்விலிருந்து இவ்வாறு நேரெதிரான முடிவுகள் எப்படி வந்தன? ஊர் அழிந்தது கொள்ளைநோயாலா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

அங்கே அகழாய்வு 1950இல் தொடங்கி 1990 வரை, கோடைதோறும் நடந்தது. வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் அதை முன்னின்று நடத்தினர். ஆங்காங்கே சிறு குழிகள் வெட்டுவதை விட்டு, ஒரு மனை முழுவதையும் ஒரே பரப்பாகத் திறந்து அடுக்கடுக்காக நீக்கும் முறையை ஹர்ஸ்ட் கைக்கொண்டார். அதனால்தான் குடியானவர் வீடு ஒன்றின் அடியில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிலக்கிழார் மாளிகையின் கல் நிலவறை கிடைத்தது. மேட்டின் வடிவத்தை மட்டும் பார்த்திருந்தால் அதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

வீடுகளைப் பொறுத்தவரை, மண்ணில் எஞ்சியவை சுண்ணப்பாறைக் கற்களால் அடுக்கிய தாழ்ந்த சுவர்களின் அடிவரிசைகளே. அவை ஒன்றன்மேல் ஒன்றாகவும் சற்றே விலகியும் பல வரிசைகளாகக் கிடந்தன. கூரையைத் தாங்கியது சுவரே என்று கொண்டால், சுவர் மாறியபோதெல்லாம் வீடும் புதிதாகக் கட்டப்பட்டது என்றுதான் பொருள்படும். பழைய முடிவு அப்படிப் பிறந்தது. ஆனால் தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ராத்மெல் 1989இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். வளைந்த பெருமரங்களை இணை இணையாக நிறுத்தி உச்சியில் கூட்டும் சட்டகமே கூரையின் பாரத்தைச் சுமந்தது. அம்மரங்களின் அடி கல்லின்மேல் அமர்ந்ததால் மண்ணில் குழித்தடம் பதியவில்லை. சுவரோ வெறும் மறைப்பு, பழுதானால் பிரித்து அடுக்கக்கூடியது. ஆகவே சுவர் பலமுறை மாறியும் வீடு அப்படியே நின்றிருக்கலாம். சான்று மாறவில்லை, பாரம் சுமந்தது எது என்ற கணக்குத்தான் மாறியது. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

மறுமொழி 2

கொள்ளைநோய் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1348–49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய் மக்கள்தொகையைக் குறைத்தது உண்மை. ஆயினும் ஊர் அதோடு முடிந்துவிடவில்லை. அதன் பிறகும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மக்கள் அங்கே வாழ்ந்தனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, எஞ்சியிருந்த நான்கு வீடுகளும் நான்கு ஏர்களும் ஒழிக்கப்பட்டன என்று ஆவணம் கூறுகிறது. உழுநிலம் ஆட்டு மேய்ச்சலுக்கு மாறியதால் உழவுக்கு ஆள் தேவையில்லாமற்போனது. இங்கிலாந்தில் இப்படிக் கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமங்கள் ஏறத்தாழ 3,000 என்று கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றின் முடிவிலும் ஆட்டு மந்தைக்குப் பங்குண்டு.

ஊரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காண, வீடுகளைவிடத் தேவாலயத்தையே பார்க்கலாம் என்பது என் கருத்து. மக்கள் பெருகியபோது அதன் பக்கக் கூடங்கள் கூட்டப்பட்டன. குறைந்தபோது அவை இடிக்கப்பட்டு, இடையிலிருந்த வளைவுகள் கல்லால் அடைக்கப்பட்டன. அடைக்கப்பட்ட அந்த வளைவுகளை இன்றும் சுவரில் காணலாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அங்கே கிடைத்த எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருந்ததாகவும், இறந்தவர் எழுந்துவிடுவார் என்ற அச்சமே காரணம் என்றும் செய்திகளில் வந்ததே, அது எவ்வளவு நம்பத்தக்கது?

மறுமொழி 3

அந்த ஆய்வு 2017இல் வெளியானது. தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் அல்லாமல், குடியிருப்புப் பகுதிக் குழியொன்றில் கிடைத்த 137 எலும்புகளை அது ஆராய்ந்தது. குறைந்தது பத்துப் பேருடையவையான அவற்றில் கத்தி வெட்டுகளும் எரிந்த தடங்களும் உடைப்புகளும் இருந்தன. காலம் 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை. வெளியூரார் என்பதால் அவர்களை இப்படி நடத்தினார்களோ என்ற ஐயத்தைப் பல்லிலுள்ள ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள்; அவற்றின் விகிதம் ஒருவர் வளர்ந்த நிலத்தைப் பொறுத்து மாறும்) நீக்கின. அவர்கள் அப்பகுதியிலேயே வளர்ந்தவர்கள். பஞ்சத்தில் மனித இறைச்சி உண்டிருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் கருதிப் பார்த்தனர். ஆனால் இறைச்சிக்காக அறுத்தால் வெட்டுகள் தசை பற்றும் இடங்களிலும் பெரிய மூட்டுகளிலும் மிகுந்திருக்கும். இங்கே அவை தலையையும் கழுத்தையும் சுற்றியே குவிந்திருந்தன. எனவே, நடமாடும் பிணங்களைப் பற்றி அக்காலத்து எழுத்துகளில் காணும் அச்சத்தோடு இது பொருந்துகிறது என்றனர். அவர்கள் அதை மிகப் பொருத்தமான விளக்கம் என்றே சொன்னார்கள். நிறுவப்பட்ட உண்மை என்பதுபோல் எழுதியவை செய்தித் தலைப்புகள்தாம்.

இந்தக் குழியின் பரபரப்பில் இடுகாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 700 எலும்புக்கூடுகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. சிறு குழந்தைகளின் எலும்பிலுள்ள, தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் விகிதம் மாறும் நைட்ரஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு, ஏறத்தாழ ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுக்கப்பட்டதைக் கணித்திருக்கிறார்கள். குடியானவப் பெண்களின் அன்றாட வாழ்வைப் பற்றி எந்த மாளிகைக் கணக்கேட்டிலும் கிடைக்காத செய்தி அது. நீங்கள் மேற்கொண்டு படிப்பதாக இருந்தால் அந்தப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.