ஸ்கூல் பஸ் வீட்டுக்கு உள்ளுயரம்: 77 அங்குலம் போதுமா?

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் இருக்கிறோம். பழைய மஞ்சள் ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கி வீடாக மாற்றப் போகிறோம். என் உயரம் 6 அடி 1 அங்குலம், அதாவது 73 அங்குலம். அங்கேதான் சிக்கல்.

இரண்டு பஸ் பார்த்தாச்சு. முதலாவது 1997 மாடல், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், எனக்கு ரொம்பப் பிடித்த இன்ஜின். ஆனால் உள்ளுயரம் 72 அங்குலம். நடைபாதையில் தலையைச் சாய்த்துத்தான் நின்றேன், கூரைத் தகட்டின் ரிவெட்டுகள் முடியில் உரசின. இரண்டாவது 77 அங்குலம், விலை கூட.

77 அங்குல பஸ்ஸுக்குக் கணக்குப் போட்டேன். தரையில் சூடும் குளிரும் தடுக்க 1 அங்குல ஃபோம், அரை அங்குல ப்ளைவுட், அதற்கு மேல் கால் அங்குல வினைல். கூரையில் சட்டமும் பலகையுமாக முக்கால் அங்குலம். மொத்தம் இரண்டரை போனால் மிச்சம் 74½. அதுவும் நட்டநடுவில்தான். கூரை வளைவதால் சமையல் மேடை வரும் ஓரத்தில் இன்னும் குறையும். தினமும் நின்று சமைக்கப் போவது நான்தான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்:

பஸ் தரையில் ஏற்கெனவே இருந்த பழைய ரப்பரையும் ப்ளைவுட்டையும் பெயர்த்தபோது உங்களுக்கு எவ்வளவு உயரம் திரும்பக் கிடைத்தது? கூரைத் தகட்டைக் கழற்றி, வளைவுச் சட்டங்களுக்கு இடையிலேயே ஃபோம் அடித்தால் உயரம் மிஞ்சுமா?

72 அங்குல பஸ்ஸை வாங்கி, ஜன்னல் மட்டத்தில் சட்டங்களை அறுத்து, கூரையைத் தூக்கி வெல்டிங் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு வெல்டிங் தெரியாது, ஆள் வைத்துத்தான் செய்யணும். செலவு எவ்வளவு ஆச்சு?

சனிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள்.