12 பிள்ளைங்க, 11 சேர்: வட்டமா, வரிசையா?

சத்துவாச்சாரி_சங்கு:
நேத்து ஒருத்தர் பொறந்தநாள் விளையாட்டு பத்திக் கேட்டிருந்தார். எட்டு வயசுப் பிள்ளைங்க 12 பேர், வீட்டு முன்னாடி கார் நிறுத்துற இடம் 10க்கு 20 அடி, ரெண்டு பக்கமும் சுவர், ஒன்றரை மணி நேரம். அதுக்கு நம்ம காட்பாடி_ஜங்ஷன் சார் கொடுத்த தீர்ப்பு: "மியூசிகல் சேர்னா முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு வரிசை. வட்டம் போடுறவங்களுக்கு விளையாட்டும் தெரியாது, கணக்கும் தெரியாது."

சார், கணக்கு எங்களுக்கும் தெரியும். 11 சேரை ரெண்டு வரிசையா போட்டா ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் 5. வரிசை முடியுற முனையில மூணடிக்கு உட்கார இடமே கிடையாது. பாட்டு நிக்கும்போது அந்த முனையில திரும்பிட்டிருக்கிற பிள்ளை என்ன பண்ணும்? அதனாலதான் பிள்ளைங்க பக்கவாட்டுல ஆமை மாதிரி நகர்ந்துட்டு, முனை வந்ததும் பாய்ஞ்சு ஓடுவாங்க. இடிபடுறதும் விழுறதும் அங்கேதான். வட்டத்துல முனையே இல்ல.

காட்பாடி_ஜங்ஷன்:
வந்துட்டார். முன்னாடி இங்கே நடந்த ஆயுத பூஜை பொரி சண்டையில நான் சொன்னது இன்னும் உறுத்துது போல.

சரி, அளவெடுப்போம். கை இல்லாத பிளாஸ்டிக் சேர் அகலம் ஒன்றரை அடி. 11 சேரை முதுகு உள்பக்கம் வெச்சு வட்டமா போட்டா உள்சுற்றளவு பதினாறரை அடி. குறுக்களவு அஞ்சேகால் அடி. ரெண்டு பக்கமும் சேர் ஆழம் ஒன்றரை ஒன்றரை, ஆக எட்டேகால். பிள்ளைங்க சுத்துறதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டரை அடி வேணும். மொத்தம் பதிமூணேகால் அடி. அவர் வீட்டு இடம் பத்தடி. மீதி மூணேகால் அடிக்குச் சுவரைத் தள்ளி வெப்பீங்களா?

வரிசைன்னா: 6 சேர் நீளம் ஒம்பது அடி, ரெண்டு முனையிலும் மூணு மூணு அடி விட்டா பதினஞ்சு. அகலம் முதுகோட முதுகு மூணு அடி, ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி, ஒம்பது. 10க்கு 20ல கச்சிதமா உட்காருது. இதுக்கு மேல என்ன வட்டம்?

குடியாத்தம்_தறி:
இன்னாபா இது, சேர் போடச் சொன்னா கோட்டைக்கு அகழி வெட்டுற கணக்கா அளந்துகினு கீறீங்க. ஒரே வரிசையா போடுங்க. ஒரு சேர் இந்தப் பக்கம் பாத்த மாதிரி, அடுத்தது அந்தப் பக்கம் பாத்த மாதிரி. சண்டையே கெடையாது.

காட்பாடி_ஜங்ஷன்:
11 சேர் ஒரே வரிசைன்னா பதினாறரை அடி. முனைக்கு ரெண்டரை ரெண்டரை சேர்த்தா இருபத்தொன்றரை. இடம் இருபது. தறிக்காரருக்கு நீளம் அளக்கவா நான் சொல்லித் தரணும்?

குடியாத்தம்_தறி:
தறியை ஏன் இழுக்கற நைனா? மொத ரவுண்டுலயே ஒரு சேர் போயிடுது, ரெண்டாவதுல இன்னொண்ணு. பத்து சேர் வந்துட்டா சரியாப் பூடும்.

காட்பாடி_ஜங்ஷன்:
மொத ரவுண்டு யாரு ஆடுவா?

தோட்டப்பாளையம்_டீச்சர்:
முதல்ல ஒண்ணு கேக்கட்டுமா? விளையாட்டுன்னு எதைச் சொல்றோம்? பொறந்தநாளுக்கு வந்த பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து ஆடுறதா, ஒருத்தர் ஜெயிக்க மத்த பதினோரு பேர் வேடிக்கை பாக்கிறதா? 12 பேர்னா 11 ரவுண்டு. ஒரு ரவுண்டுக்குப் பாட்டு இருபது நொடி, சண்டை தீர்த்து சேர் எடுக்க முப்பது நொடி. கிட்டத்தட்ட பத்து நிமிஷம். முதல்ல அவுட் ஆன பிள்ளை அந்தப் பத்து நிமிஷமும் சும்மா உட்காரும், இல்லேன்னா கேக் மேசைக்குப் போய் க்ரீமை நோண்டும். அவுட் ஆனவங்க கையில பாட்டை நிறுத்துற வேலையைக் கொடுங்க, சேரை எடுத்து வைக்கிற வேலையைக் கொடுங்க. வட்டம் வரிசை அப்புறம்.

சத்துவாச்சாரி_சங்கு:
டீச்சர் அக்கா, அது சரி. ஆனா வட்டமா போட்டா முனையில யாரும் மாட்ட மாட்டாங்க, அதைத்தான் நான் சொல்றேன்.

பத்தடிக்குள்ள வட்டம் வராதுன்னு சொன்னவருக்கு: 12 பேரை ஆறு ஆறா பிரிங்க. 5 சேர் ஒரு வட்டம், இன்னொரு 5 சேர் ஒரு வட்டம். இருபதடி நீளத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும். ஒரே பாட்டு போதும். அஞ்சு ரவுண்டுல முடியும், ரெண்டு பேர் ஜெயிப்பாங்க, காத்திருக்கிற நேரமும் பாதி.

காட்பாடி_ஜங்ஷன்:
அளந்தீங்களா? 5 சேர் சுற்றளவு ஏழரை அடி. குறுக்களவு ரெண்டு அடி அஞ்சு அங்குலம். சேர் ஆழம் மூணடி, நடக்க அஞ்சடி. மொத்தம் பத்தடி அஞ்சு அங்குலம். அஞ்சு அங்குலம் உதைக்குது சார்.

சத்துவாச்சாரி_சங்கு:
எட்டு வயசுப் பிள்ளை சுத்தி வர ரெண்டரை அடி எதுக்கு? ரெண்டடி போதும். ஒம்பதடி அஞ்சு அங்குலம் வரும். இடிக்காது.

காட்பாடி_ஜங்ஷன்:
ரெண்டடி நடக்கறதுக்குப் போதும். பாட்டு நின்னதும் அது நடக்காது, திரும்பிப் பாயும். ஒரு பிள்ளை பாயும்போது பக்கத்துப் பிள்ளை தோள் சுவத்துல உரசும். பூச்சு சொரசொரப்பான சுவர்னா முழங்கைத் தோல் போயிடும். ரெண்டரை.

சத்துவாச்சாரி_சங்கு:
ரெண்டு.

காட்பாடி_ஜங்ஷன்:
ரெண்டரை. இன்னொரு விஷயம். டைல்ஸ் தரையில வட்டம் நிக்காது. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் சேர் பின்னாடி ரெண்டு அங்குலம் நழுவும். உங்க வட்டம் மூணாவது ரவுண்டுல கொழுக்கட்டை ஆயிடும். முதுகோட முதுகு வெச்சா ஒண்ணை ஒண்ணு தாங்கும், நழுவாது. வேணும்னா பின்கால் ரெண்டையும் சணல் கயிறால கட்டிடலாம். ஒரு ஜோடியை எடுக்கிறப்போ ஒரு முடிச்சுதான் அவிழ்க்கணும். வட்டத்தைக் கட்டிப் பாருங்க.

பாலாத்து_மணல்:
இவங்க ரெண்டு பேரும் அளந்து முடிக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளை பத்தாங் கிளாஸ் போயிடும். மியூசிகல் சேரை விட்டுத் தள்ளுங்க. உறியடி வைங்க. கலகலன்னு இருக்கும்.

தோட்டப்பாளையம்_டீச்சர்:
பத்தடி அகல இடத்துல கண்ணைக் கட்டி கையில கம்பு கொடுக்கப் போறீங்களா? சுத்தி நிக்கிற பிள்ளைங்க குறைஞ்சது பத்தடி தள்ளி நிக்கணும். சாக்பீஸ்ல கோடு போட்டாலும் மிட்டாய் கொட்டினதும் எல்லாரும் உள்ளே பாய்வாங்க. கீழே பானை ஓடு கிடக்கும். வெறுங்கால்.

பாலாத்து_மணல்:
அப்போ பெரிய பலூன்ல மிட்டாய் போட்டு உடைக்கலாம்.

தோட்டப்பாளையம்_டீச்சர்:
மிட்டாய் எடை கூடினா ஊதும்போதே வாய்ப்பக்கம் கிழியும். காத்து கால்வாசி குறைச்சு, மிட்டாய் இருபது முப்பதோட நிறுத்தணும். தெர்மாகோல் உருண்டை போடவே கூடாது, கண்ணுல ஒட்டும். கூட வர்ற தம்பி தங்கச்சி சின்னதுங்களா இருந்தா உடைஞ்ச ரப்பர் துண்டை உடனே பொறுக்கிடணும், தொண்டையில போச்சுன்னா ஆபத்து.

காட்பாடி_ஜங்ஷன்:
உறியடிக்கு சிலர் அரை அங்குல பிவிசி பைப் கொடுக்கிறாங்க. சுட்ட பானை அதுக்கு உடையாது, பைப்தான் வளையும். மூங்கில் கழி வேணும், நாலடி. அது இருக்கட்டும், சங்கு சாருக்கு முனைதானே கவலை? முனையில ஒரு ஆளை நிக்க வைங்க. அங்கே யாராவது நின்னா "நட நட"ன்னு தட்டி விடட்டும். முடிஞ்சுது. இதுக்காக வட்டம் எதுக்கு?

ஆற்காட்டு_பேடா:
விளையாட்டு நடுவுல பிள்ளைங்களுக்கு என்ன தரப் போறீங்க? எங்க ஊர் மக்கன் பேடா ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா அமைதியா உட்காருவாங்க.

பாலாத்து_மணல்:
குலாப் ஜாமூனுக்கு வேற பேர் வெச்சா மக்கன் பேடா. தெரிஞ்சதுதானே.

ஆற்காட்டு_பேடா:
வாயைக் கழுவிட்டு வாங்க. ஜாமூனுக்குள்ள முந்திரி, பாதாம் வெச்சு உருட்டுவாங்களா? கடிச்சா பருப்பு வரணும், அதுதான் பேடா. வேலூர்க்காரங்களுக்கு பிரியாணிக்கே ஆம்பூர் போகணும், பேச்சு மட்டும் பெருசு.

பாலாத்து_மணல்:
ஆற்காடு 2019லயே ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயாச்சு. அந்த மாவட்டக்காரங்க அந்தப் பக்கம் போய்ப் பேசலாம்.

ஆற்காட்டு_பேடா:
வட ஆற்காடுன்னு எங்க ஊர் பேரை வெச்சுத்தான் உங்க மாவட்டமே இருந்துது. 1911 வரைக்கும் தலைநகர் சித்தூர், வேலூர் இல்ல. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு உங்களைச் சொன்னவங்க சும்மாவா சொன்னாங்க?

காட்பாடி_ஜங்ஷன்:
ஜீரா ஒட்டின கையோட சேர்ல உட்கார்ந்தா வட்டமோ வரிசையோ எல்லாமே வழுக்கும். பேடா கடைசியில. இப்போ முக்கியமான விஷயத்துக்கு வாங்க: பாட்டு நிறுத்துறது. ப்ளூடூத் ஸ்பீக்கர் வெச்சா பட்டனை அழுத்தினதுக்கும் சத்தம் நிக்கறதுக்கும் கொஞ்சம் இடைவெளி விழும். கெட்டிக்காரப் பிள்ளை ஸ்பீக்கரைக் கேக்காது, உங்க கட்டை விரலைப் பாக்கும். அதனால நிறுத்துறவர் முதுகைக் காட்டி நிக்கணும், ஒயர் போட்ட ஸ்பீக்கர் வேணும். எட்டு நொடி, இருபது, பதிமூணுன்னு மாத்தி மாத்தி நிறுத்தணும். வரிசையில நிறுத்துறவர் ஒரு முனைக்கு வெளியே நின்னா போதும். வட்டத்துல எந்தப் பக்கம் நின்னாலும் யாரோ ஒருத்தர் விரலைப் பாப்பாங்க.

சத்துவாச்சாரி_சங்கு:
முனைக்கு வெளியே நின்னா, முனையில திரும்புற பிள்ளை விரலைப் பாக்காதா? நான் முதல்லயிருந்து முனைன்னுதான் கத்திக்கிட்டு இருக்கேன்.

காட்பாடி_ஜங்ஷன்:
முதுகைக் காட்டி நிக்கணும்னு மேல எழுதியிருக்கேன். படிச்சிட்டு கத்துங்க.

குடியாத்தம்_தறி:
ரெண்டு பசங்க ஒரே சேர்ல ஒக்காந்துட்டா இன்னா பண்றது? அத்தை யாரும் சொல்லலியே.

தோட்டப்பாளையம்_டீச்சர்:
அடியில இருக்கிறவங்களுக்கு சேர். ரெண்டு பேரும் பாதி பாதின்னா அந்த ரவுண்டு செல்லாது, மறுபடி பாட்டு. ஆடுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

கேள்வி_கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. ஷாமியானா கடையில சொல்லிட்டேன். கை வெச்ச சேர்தான் இருக்காம். அகலம் 22 அங்குலம்.

சத்துவாச்சாரி_சங்கு:
கை வெச்ச சேரா? அப்போ வரிசை ஒத்தே வராது. பக்கத்துல நடந்து வர்ற பிள்ளை சேருக்குள்ள திரும்பும்போது இடுப்புல கை இடிக்கும். வட்டத்துல சேர் விரிஞ்சு நிக்கும், நுழைய வழி இருக்கும்.

காட்பாடி_ஜங்ஷன்:
22 அங்குலம்னா 6 சேர் பதினோரு அடி. முனைக்கு மூணு மூணு. பதினேழு. இருபதுக்குள்ள வருது. உங்க அஞ்சு சேர் வட்டம் இப்போ பத்தடி பதினோரு அங்குலம்.

சத்துவாச்சாரி_சங்கு:
ரெண்டடி விட்டா ஒம்பதடி பதினோரு அங்குலம். பத்துக்குள்ள வருது!

காட்பாடி_ஜங்ஷன்:
ரெண்டரை.