புதுப்பிப்பு: புகைபோக்கி வைத்த இரட்டை மண் அடுப்பு, நாள்பட்ட பிறகு

4 அங்குலக் குழாய் வைத்து இரட்டை அடுப்பு கட்டுவதைப் பற்றி முன்பு எழுதியதற்கு, "கொஞ்ச நாளில் புகைய ஆரம்பிக்காதா?" என்று பலர் கேட்டார்கள். ஆரம்பிக்கும். பெரும்பாலும் கோளாறு அடுப்பில் இல்லை, குழாயில்தான்.

ஈர விறகின் நீராவியும் தாரும் குளிர்ந்த குழாய்ச் சுவரில் பிசினாகப் படிய, அதன்மேல் கரி ஒட்டும். சுற்றிலும் கால் அங்குலம் படிந்தாலே புகை போகும் வழியில் கிட்டத்தட்ட கால்வாசி அடைபட்டுவிடும். தினம் எரியும் அடுப்பென்றால் மாதம் ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறியபின், அடுப்பு வாயையும் பானைக் குழிகளையும் ஈரச் சாக்கால் மூடுங்கள். குழாய் உச்சியில் இருக்கும் தொப்பியைக் கழற்றி, கல் கட்டிய தேங்காய்நார்ப் பந்தைக் கயிற்றில் இறக்கி மேலும் கீழும் இழுங்கள். விழுந்த கரியை அடியிலிருந்து அள்ளிவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் என்றால் சுரண்டவே வேண்டாம், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்கு மாறிவிடுங்கள்.

சவுக்கோ கருவேலமோ, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக ஆறு மாதம் அடுக்கிவையுங்கள். காய்ந்த கட்டைகளைத் தட்டினால் 'ணங்' என்னும், ஈரமானவை 'தொப்'.

அடுத்தது பானைக் குழி விளிம்பு. அங்கே விரிசல் விட்டால் குளிர்காற்று உள்ளே புகுந்து குழாயின் இழுப்பைக் குறைக்கும். சலித்த களிமண், மணல், உமி, சாணம் குழைத்துப் பூசினால் போதும். சிமெண்ட் பூசாதீர்கள், சூட்டில் பெயர்ந்துவிடும்.

குழாய்ப் பக்கம் இருக்கும் இரண்டாம் குழியில் சோறு பொங்கும் என்று காத்திருக்காதீர்கள். அது வெந்நீருக்குத்தான்.