ஒரே பருமன்: கணவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எனக்கு மட்டும் அதிகமாவது எப்படி?

மலர்விழி, தஞ்சை:
வணக்கம். திருமணமாகி நான்கு ஆண்டுகளாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். என் கணவரின் எடை 98 கிலோ, என் எடை 81 கிலோ. சென்ற வாரம் மாலை நான்கு மணியளவில் இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அவருக்கு 240 நானோகிராம். பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. என்னுடையது 78, மேல்நோக்கிய அம்புக்குறி. எனக்கு மாதவிலக்கு ஐம்பது, அறுபது நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடியும் வளர்கிறது. இரண்டுக்கும் மருத்துவர் சொன்ன காரணம் எடைதான். ஒரே கொழுப்பு அங்கே குறைத்து, இங்கே கூட்டுவது எப்படி? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும்படி கணவரிடம் ஒரு நண்பர் சொல்கிறார், அது சரியா?

மருத்துவ மாணவன்:
சகோதரி, தொடக்கம் இருவருக்கும் ஒன்றுதான். பருமனால் இரத்தத்தில் இன்சுலின் கூடும்போது, பாலின ஹார்மோன்களைச் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் சுரக்கிறது. பாதை பிரிவது அதற்குப் பிறகுதான்.

ஆண்களுக்கு அந்தப் புரதம் குறைந்தாலே மொத்த அளவு இறங்கிவிடும் என்பதால், அதோடு ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. பருமன் மிகும்போது உண்மையான குறைவும் சேர்கிறது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடையோலாக மாற்றுகிறது. அது மூளைக்குச் சென்று, விரைகளைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனின் சுரப்பை அடக்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எல்.எச். ஏற வேண்டும், பருமனானவர்களிடம் பெரும்பாலும் அது ஏறுவதில்லை.

பெண்களிடமோ சினைப்பையே இன்சுலினுக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும் நிலையிலும் சினைப்பை கேட்டுக்கொண்டே இருப்பதால், எல்.எச்.சும் இன்சுலினும் சேர்ந்து அங்கே ஆண் ஹார்மோனை மிகையாகச் சுரக்கவைக்கின்றன. சுமக்கும் புரதமும் குறைந்துவிட்டதால் கட்டற்ற பங்கு இன்னும் கூடுகிறது; தாடை முடிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கருமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுவதால் முட்டை வெளிவருவதில்லை. எனினும் பருமனான எல்லாப் பெண்களுக்கும் இது வருவதில்லை, ஒல்லியானவர்களுக்கும் பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்தச் சினைப்பைக் கோளாறு உண்டு. பரம்பரைக்கும் இதில் பங்கு இருப்பதால், எல்லாவற்றுக்கும் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

மாலையில் எடுத்த இரத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். கணவருக்குக் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

கதிர், ஈரோடு:
தயவுசெய்து அந்த ஊசியைப் போட விடாதீர்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆறு மாதம் போட்டுக்கொண்டேன். உடம்பில் தெம்பு வந்தது. விந்துப் பரிசோதனைத் தாளில் உயிரணு எண்ணிக்கை பூச்சியம் என்று வந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற, விரைகளைத் தூண்டும் இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடுகிறது என்றும், விரைகளுக்குள் இருக்கவேண்டிய அளவு வற்றிப்போய் உயிரணு உற்பத்தி நின்றுவிடுகிறது என்றும் பிறகுதான் மருத்துவர் விளக்கினார். நிறுத்திய பின் எண்ணிக்கை திரும்ப ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டும் என் மனைவி வடித்த கண்ணீரை நான் இன்னும் மறக்கவில்லை.

சுமதி, மதுரை:
எனக்கும் பி.சி.ஓ.எஸ். இருந்தது. பிடரியில் தேய்த்தாலும் போகாத கருமை இருந்தது. அது அழுக்கல்ல, இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் என்று பின்னர்தான் அறிந்தேன். எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும். உங்களுக்கு அது நான்கு முதல் எட்டு கிலோ. எனக்கு ஆறாவது கிலோ இறங்கிய மாதத்தில் விலக்கு முப்பத்திரண்டாம் நாள் வந்தது. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) அளவுகளையும் பார்த்துவிடுங்கள். விலக்கு மூன்று மாதங்களைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். முட்டை வெளிவராதபோது புரோஜெஸ்டிரோன் சுரக்காமல், ஈஸ்ட்ரோஜன் மட்டுமே கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்துகொண்டிருக்கும்.

மலர்விழி, தஞ்சை:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கதிர் அண்ணன் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். ஊசிப் பேச்சை விட்டுவிட்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மீண்டும் இரத்தம் கொடுக்கிறார்; நானும் உடன் செல்கிறேன்.