புதுப்பிப்பு: வாசலில் கால் உறைவது, டேப் கோட்டில் சரியானது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பார்க்கின்சன் நோய் உள்ள அப்பாவுக்குக் குளியலறை வாசலில் மட்டும் கால் தரையோடு ஒட்டினாற்போல் நின்றுவிடுகிறது.

தரையில் குறுக்குக் கோடு போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. வெளிர் டைல்ஸில் 2 அங்குலக் கறுப்புத் துணி டேப், 45 செ.மீ. இடைவெளியில். வாசலுக்கு முன் மூன்று, கதவு நிலைக்கு நேராக ஒன்று, உள்ளே இரண்டு. முதலில் நிலையோடு நிறுத்தியிருந்தோம். கோடு முடிந்த இடத்திலேயே கால் நின்றது. நீளவாக்கில் ஒட்டினால் பலனில்லை. பிளாஸ்டிக் டேப் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

காரணம்: யோசிக்காமல் நடக்க உதவும் இணைப்பு, அதாவது மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத்திரளுக்கும் அசைவைத் திட்டமிடும் மேற்பகுதியான துணை இயக்கப் புறணிக்கும் இடையிலானது, இந்த நோயில் தளர்கிறது. கோட்டைப் பார்த்துத் தாண்டும்போது பார்வைப் பகுதியும், பார்த்ததற்கேற்ப அசைவைத் தொடங்கும் முன் இயக்கப் புறணியும் சேர்ந்து மாற்றுவழி தருகின்றன.

எதிர்பாராதது: நடக்கையில் பேச்சுக் கொடுத்தால் கோடு இருந்தும் உறைகிறது. மாற்றுவழி கவனத்தில் ஓடுவது, அதைப் பேச்சு பிடுங்கிவிடுகிறது. இப்போது வாசலில் யாரும் வாய் திறப்பதில்லை.

சீராக டிக் டிக் என்று தாளம் தரும் மெட்ரோனோம் ஆப் நேர்நடைக்குச் சரி, திரும்பும்போது உதவவில்லை. அங்கே அகலமாக வளைந்து திரும்புவதே வழி. பார்க்கின்சனுக்கான லெவோடோபா மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் உறைவு கூடுவதைக் குறித்துக் காட்டினோம், நரம்பியல் மருத்துவர் வேளைகளை நெருக்கிக் கொடுத்தார்.