லெவலிங் வால்வு: 'மட்டச் சீராக்க ஓரதர்' வேண்டாமே

பெருந்துறை, வியாழன் இரவு

சொற்பட்டியல் தொகுக்கும் ஐயாவுக்கும் நம் கலைச்சொல் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். ஐயா எழுதியிருந்தது இது:

> லெவலிங் வால்வு என்பதற்கு 'மட்டச் சீராக்க ஓரதர்' என்று வைக்கலாம். லெவல் மட்டம், வால்வு ஓரதர். மறுப்பு இல்லையென்றால் பேருந்துச் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

மறுப்பு இருக்கிறது ஐயா. போன மாதம் முழுக்க இந்த வால்வோடுதான் மல்லுக்கட்டினேன். மூன்றைக் கழற்றி, இரண்டைப் பிழைக்க வைத்து, ஒன்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினேன். அந்த உரிமையில் சொல்கிறேன், மட்டமும் பொருந்தவில்லை, ஓரதரும் பொருந்தவில்லை.

என்னிடம் இருப்பது ஒரு பழைய ஆம்னி பஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கினேன். கரூரில் ஒரு பாடி பட்டறையில் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு கட்டிலும் ஒரு அடுப்பு மேடையும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீட்டுவண்டி ஆக்கிக்கொண்டேன். (சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் போனால் எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே நான் ரசம் வைத்துக்கொண்டிருப்பேன்.) இந்த வண்டியில் இரும்புப் பட்டை ஸ்பிரிங் கிடையாது. அச்சுக்கும் சேஸுக்கும் (வண்டிச் சட்டம்) நடுவே ரப்பர் காற்றுப் பைகள். பட்டறையில் பலூன் என்கிறார்கள், பெல்லோஸ் என்றும் சொல்வதுண்டு. வண்டியைத் தாங்குவது அந்தப் பைக்குள் இருக்கும் காற்று. எந்தப் பைக்கு எவ்வளவு காற்று என்று பார்த்துக்கொள்வது லெவலிங் வால்வு.

ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் ஒரு இரவு நிறுத்தினேன். காத்தால எழுந்தால் கட்டிலில் தலை கீழே, கால் மேலே. இறங்கிப் பார்த்தேன். நாய் ஒரு பின்னங்காலை மடக்கி உட்கார்ந்த மாதிரி இடது பின்பக்கம் அமுங்கிக் கிடந்தது. எஞ்சினை ஓடவிட்டுக் காற்று ஏறியதும் எழுந்துகொண்டது. அடுத்த நாளும் அதே கதை.

பை ஓட்டையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். பையில் ஒன்றுமில்லை, குழாய் மூட்டுகளிலும் இல்லை. வால்வின் அடியில் காற்று வெளியேறும் துளையில் மட்டும் நுரை மெல்ல மெல்லப் பொங்கியது. இந்த இடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தத் துளையில் வருவது காற்று டேங்கிலிருந்து வருகிறதா, பையிலிருந்து வருகிறதா? டேங்கைத் திறந்து காலி செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். நுரை நின்றுபோனால் உள்ளே விடும் வாயில் கோளாறு. நிற்காமல் வந்தால் வெளியே விடும் வாயில் கோளாறு. எனக்கு நிற்கவில்லை. ராத்திரி முழுக்கப் பையின் காற்று அந்த வாய் வழியே கசிய, வால்வு டேங்கிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. டேங்கில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் வண்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் படுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சேஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுக்காமல் யாரும் வண்டிக்குக் கீழே படுக்காதீர்கள். ஜாக்கியை நம்பக் கூடாது, பையை நம்பவே கூடாது. வால்வின் கையை அச்சோடு இணைக்கும் கம்பியைக் கழற்றினால் கை தொங்கிவிடும். பையில் இருக்கும் காற்றெல்லாம் வெளியேறி, வண்டியின் மொத்த உடலும் நம் மேலே இறங்கிவிடும். இதில் செத்தவர்கள் உண்டு.

வால்வைத் திறந்தபோது உள்ளே மோர் மாதிரி ஒரு குழம்பு. கம்ப்ரசர் எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. காற்றை உலர்த்தும் ஏர் டிரையரை நான் வருடக் கணக்கில் மாற்றவில்லை, தப்பு என்னுடையது. ஓ-ரிங்குகள் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) ரப்பராக இல்லை, வளையல் துண்டு மாதிரி ஒடிந்தன. வாயை மூடும் சின்ன ரப்பர் வில்லையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளம்தான் என் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. கழற்றும்போது வெள்ளைத் துணி விரித்துக்கொண்டேன், ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்தேன். அப்படியும் ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போய் அரை நாள் தேட வைத்தது.

உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினேன். ரப்பர் உட்காரும் விளிம்பில் உப்புத்தாள் போடவில்லை, போட்டால் அதோடு முடிந்தது. ஓ-ரிங்கை வெர்னியரில் அளந்து கோவையில் பம்பு சாமான் கடையில் வாங்கினேன். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். பூட்டும் முன்பு சிலிக்கான் கிரீஸ் ஒரு பூச்சு. மூன்றாவது வால்வில் தண்டு ஆடும் துளையே தேய்ந்து ஓவல் ஆகியிருந்தது. அதற்கு எந்த ரப்பர் போட்டும் பயனில்லை, இரும்புக் கடைக்குப் போனது அதுதான்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

ஓரதர் என்றால் ஒரு வழி, காற்றோ தண்ணீரோ ஒரு பக்கம் மட்டும் போகும் வழி. சைக்கிள் டியூப் வால்வுக்கு அது அழகான சொல். இந்த வால்வில் காற்று வரவும் செய்கிறது, போகவும் செய்கிறது. பாரம் ஏறினால் சேஸ் தாழும், கை மேலே போகும், பைக்குள் காற்று பாயும். பாரம் இறங்கினால் சேஸ் எழும், கை கீழே வரும், காற்று வெளியேறும். கை நடுவில் இருந்தால் இரண்டு வாயும் மூடியிருக்கும். இதை ஓரதர் என்றால் சந்தையை ஒருவழிப் பாதை என்பது போல ஆகும்.

மட்டம்? வால்வுக்கு மட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும் மட்டம் பூமியைச் சேர்ந்தது. வால்வுக்குத் தெரிந்தது ஒன்றுதான், தன் இடத்தில் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது. சரிவான மேட்டில் வண்டியை நிறுத்தினால் வண்டியும் சரிந்துதான் நிற்கும், வால்வு தன் வேலை முடிந்தது என்று சும்மா இருக்கும். பெயரை நம்பி, கட்டில் தானாக மட்டமாகிவிடும் என்று முதல் தடவை நானே ஏமாந்தேன். அதற்குத் தனியாக ஜாக்கியோ பலகையோ வேண்டும். இதே பொருளை உயரக் கட்டுப்பாட்டு வால்வு என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

வண்டிக்கு நாலு மூலை, வால்வு மட்டும் மூன்று என்பதையும் பாருங்கள். என் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. நாலு வைத்தால் ஒன்று ஏற்ற, இன்னொன்று இறக்க, ஓயாமல் சண்டை நடக்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலிக்குத்தான் காலுக்கடியில் காகிதம் மடித்து வைக்க வேண்டும்.

என் முன்மொழிவு: நிலைமடை.

மடை நம் வயலில் தினமும் புழங்கும் சொல். தண்ணீர் கட்டுகிறவர் மண்வெட்டியால் மடையைத் திறக்கிறார், பாத்தி நிரம்பியதும் அடைக்கிறார். அளவு பார்த்துத் திறப்பதும் மூடுவதும்தானே வேலை? நிலை என்பது தேர் நிலை. அவிநாசியில் தேர் ஊர் சுற்றிவிட்டு 'நிலைக்கு வந்துவிட்டது' என்கிறோம் அல்லவா, அந்த நிலை. பாரம் ஏறினாலும் இறங்கினாலும் வண்டியை அதன் நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் மடை.

* * *

கரூர், வெள்ளி மதியம்

வணக்கம்ணா. நான் பாடி பட்டறையில்தான் இருக்கேன், அதனால கொஞ்சம் பேச்சு வழக்கில் எழுதறேன், மன்னிக்கணும்.

நீங்க சொன்ன வேலை விவரம் சரிங்க. ஆனா பட்டறையில் யாரும் நிலைமடைன்னு சொல்ல மாட்டாங்க. வால்வுன்னுதான் சொல்லுவாங்க. 'மடை'ன்னு கூப்பிட்டா 'யாரை மடையன்னு சொல்றே'ன்னு பிரச்சினை வரும். சிரிப்புக்குச் சொல்றேன்.

நிஜமான சந்தேகம் ஒண்ணு. ரோட்டில் பள்ளம் மேடு வரும்போது அச்சு ஒரு நொடிக்குள்ள பலமுறை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் மடை திறந்து மூடினா ஈரோடு போறதுக்குள்ள டேங்க் காலி. அதுக்காகச் சில வால்வுகளில் உள்ளே சிலிக்கான் எண்ணெய் இருக்கும், கை அசைஞ்சாலும் சில நொடி கழிச்சுத்தான் திறக்கும். இந்தப் பொறுமைதான் அந்த வால்வோட தனிச் சிறப்பு. அது உங்க சொல்லில் எங்கேயும் இல்லையேண்ணா?

அப்புறம் நடுவில் கொஞ்சம் தூரம் கை ஆடினாலும் ஒண்ணும் நடக்காத இடம் இருக்கே, அதுக்கும் ஒரு பெயர் வேணும். நாங்க 'ப்ளே'ங்கறோம்.

* * *

கோவை, வெள்ளி மாலை

அன்பர்களுக்கு, பட்டியலைத் தொகுப்பவன் எழுதுகிறேன்.

ஓரதர் பற்றிய மறுப்பை ஏற்கிறேன். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்த மாதிரி ஒவ்வொரு வால்வுக்கும் ஒவ்வொரு வேர்ச்சொல் என்று போனால் பட்டியல் சிதறிவிடும் என்பதுதான் என் கவலை. இருதய வால்வுக்கு ஒன்று, பம்பு வால்வுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்றால் மாணவர் எதைப் பிடிப்பார்?

1916ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கத் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தின் பெயரிலேயே வடசொற்கள். பரிபாஷை என்றதை இன்று நாம் கலைச்சொல் என்கிறோம். சொல் மாறும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் 'நிலை' ஏற்கெனவே சுமை தாங்காமல் தவிக்கிறது. நிலைமை, நிலையம், நிலைமம், வெப்பநிலை. இதிலும் அதை ஏற்றுவதா?

* * *

பெருந்துறை, சனி காலை

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தம்பி, பட்டறையில் வால்வு என்றே சொல்லுங்கள், நானும் கடையில் வால்வு என்றுதான் கேட்டேன். 1920ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே பஸ், டயர், பிரேக் எல்லாம் நம்மூர் வாய்க்குப் பழகிவிட்டன. அவற்றைப் பிடுங்க யாரும் கிளம்பவில்லை. இந்தச் சொல் வேலை தெரியாதவருக்கு விளக்கி எழுதும் இடத்துக்காக. படிக்கிறவருக்குச் சொல்லிலேயே வேலை தெரிந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

பொறுமை பற்றி நீங்கள் சொன்னது நான் விட்டுவிட்ட விஷயம். ஆனால் எல்லா வால்வுக்கும் அது கிடையாது. இருக்கிற வகைக்கு முன்னால் ஒரு அடைமொழி சேர்க்கலாம். 'ஆறப்போடும்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது, கோபம் வந்தவனை ஆறப்போடுகிறோம். ஆனால் 'ஆறப்போடும் நிலைமடை' என்று பட்டியலில் போட்டால் ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிடும். 'தாமத நிலைமடை' போதும், சலிப்பாக இருந்தாலும் புரியும்.

ப்ளேவுக்கு 'தொய்வு' என்றே வைக்கலாம். கயிற்றுக் கட்டிலில் தொய்வு இருக்கிற மாதிரி. உயரம் வைக்கும்போது கையை இந்தத் தொய்வின் நடுவில் நிறுத்த வேண்டும். அதற்கு என் வால்வில் ஒரு துளை இருக்கிறது, அதில் ஊசி செருகிக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அச்சுக்கும் சேஸுக்கும் உள்ள தூரத்தை வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கேற்ற நீளத்தில் இணைப்புக் கம்பியை முடுக்கினேன். எல்லாம் ஆனதும் ஊசியை எடுக்க மறந்துவிட்டேன். அப்படியே ஓட்டியிருந்தால் முதல் பள்ளத்தில் வால்வின் கை முறிந்திருக்கும். 'அப்புச்சி, அந்த ஆணி எதுக்கு?' என்று பேத்தி குனிந்து பார்த்துக் கேட்டதால் தப்பித்தேன்.

ஐயா, உங்கள் கவலைக்கு வருகிறேன். வேர்ச்சொல் சிதறக் கூடாது என்பது நியாயம். அதற்காக ஒரு வழியில் மட்டும் விடுகிற சொல்லை எல்லா வால்வுக்கும் தலைப்பாகையாகக் கட்டினால் அதுவும் குழப்பம்தானே? மடையைப் பொதுச்சொல்லாக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் விடுவது ஒருவழி மடை. டேங்கில் அழுத்தம் குறைந்தால் பைக்குப் போகும் காற்றை அடைத்து, பிரேக்குக்கு மிச்சம் வைக்கிற வால்வு ஒன்று உண்டு, அது காப்புமடை. பிரேக்கு இல்லாமல் பலூன் மட்டும் இருந்து என்ன செய்ய? இது நிலைமடை. இருதயத்தை மருத்துவர்களிடமே விட்டுவிடுவோம். அங்கே இருப்பது இதழ் மாதிரி, மடை பொருந்தாது.

நிலைக்குச் சுமை அதிகம் என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். 'உயரமடை' என்றும் யோசித்துப் பார்த்தேன். கேட்டால் மேட்டுக்காட்டில் இருக்கிற மடை மாதிரி இருக்கிறது. 'உயரக்காப்பு மடை' சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வாயில் ஸ்பேனரோடு சொல்ல முடியாது. அதனால் நிலைமடையிலேயே நிற்கிறேன்.

* * *

கோவை, ஞாயிறு

சரி. இன்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன்:

நிலை மடை: அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் உள்ள தூரம் கூடினால் காற்றுப் பையிலிருந்து காற்றை வெளியேற்றியும், குறைந்தால் உள்ளே செலுத்தியும், குறித்த உயரத்துக்கு வண்டியைத் திருப்பும் வால்வு. பட்டறை வழக்கு: லெவலிங் வால்வு.

* * *

பெருந்துறை, ஞாயிறு இரவு

நன்றி ஐயா. விளக்கம் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. இடைவெளியை மட்டும் எடுத்துவிடுங்கள், நிலைமடை ஒரே சொல். பிரித்து எழுதினால் ஓடாமல் நின்றுபோன மடை என்று படிப்பார்கள், அப்படி ஒன்றைத்தான் போன மாதம் இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.