பைபாஸுக்குப் பிறகு கிட்டார்: சுண்டு விரல் மரத்திருக்கிறது, ஆம்ப் தூக்க முடியவில்லை. வழி சொல்லுங்கள்

பாளை கிட்டார்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 51. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார். கோயில் கொடையும் கல்யாண வரவேற்பும்தான் பிழைப்பு. மூன்று மாதத்துக்கு முன்னால் மார்பெலும்பைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் நடக்கிறேன், சிகரெட்டை விட்டாயிற்று.

கிட்டாரை எடுத்தால்தான் சிக்கல். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் பாதி மரத்த மாதிரி இருக்கின்றன. சுண்டு விரலை நீட்டி வைத்தால் கம்பி சரியாக அழுந்துவதில்லை. பார் கார்ட் (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிப்பது) ஒரு பாட்டு முழுக்கத் தாங்கவில்லை. என்னுடையது லெஸ் பால், நாலு கிலோவுக்கு மேல். ஸ்ட்ராப் இடது மார்பில் உரசும் இடத்தில் தோலுக்கு உணர்ச்சியே இல்லை, கழற்றிய பிறகு எரிகிறது. ஆம்ப் ட்வின் ரிவெர்ப், 29 கிலோ. அதை இனித் தொடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

சித்திரையில் கொடை சீசன் ஆரம்பிக்கிறது. எடை குறைந்த கிட்டார் வாங்கலாமா? ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிறகு கையில் பணம் அதிகம் இல்லை. இப்போது போட்டிருப்பது 10-46 கம்பி (மிக மெல்லியது அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு தடிமன், மிகத் தடித்தது 46 பங்கு).

மூன்றாம் ஃப்ரெட்:
அண்ணாச்சி, நல்லபடியாக எழுந்து வந்ததே பெரிய விஷயம். கிட்டார் வாங்கும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் கம்பியை மாற்றுங்கள். 10-46 செட் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை கிட்டத்தட்ட 46 கிலோ. 9-42 போட்டால் 38 கிலோவுக்கு வந்துவிடும். ஒரு செட் கம்பி விலையில் இவ்வளவு குறைகிறது.

அடுத்து, எல்லாக் கம்பியையும் அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி) இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், பாடுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இழுவிசை மட்டும் இன்னும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஃப்ரெட் இடைவெளியும் கொஞ்சம் குறுகுவதால் சுண்டு விரல் அவ்வளவு தூரம் நீள வேண்டியதில்லை. எனக்குக் கழுத்து டிஸ்க் விலகியபோது என்னைக் காப்பாற்றியது இந்த கேப்போதான்.

ஒன்றை மறக்காதீர்கள். கம்பி மெலிந்ததும் நெக் பின்பக்கம் கொஞ்சம் நிமிரும், ஃப்ரெட்டில் கம்பி இரையும். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பழக்கம் இல்லை என்றால் நல்ல கிட்டார் மெக்கானிக்கிடம் கொடுத்து, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷனையும் நெக் தலைமாட்டில் கம்பி உட்காரும் நட்டையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்ட் பிடிக்க விரல் திணறுவது பாதி நேரம் நட்டின் உயரத்தால்தான்.

பிசியோ அக்கா:
சார், நான் இதய அறுவை முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். கம்பியை மாற்றுங்கள், தவறில்லை. ஆனால் அந்த இரண்டு விரலைப் பற்றி உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னவருக்கு விரல் மரத்திருப்பது தெரியாமலே இருக்கலாம். நாமாகச் சொன்னால்தான் உண்டு.

அறுவையின்போது மார்பெலும்பை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடிப்பார்கள். அப்போது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றையின் கீழ்ப்பகுதி இழுபடுவது உண்டு. அது தொந்தரவு கொடுத்தால் மரப்பது நீங்கள் சொன்ன இதே இரண்டு விரல்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகிவிடும். மூன்று மாதம் தாண்டியும் பலம் வரவில்லை என்றால் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் (நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்ப்பது) எடுத்துப் பார்ப்பது நல்லது. முழங்கையில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கும். அதனால் முழங்கையை மடித்தபடி தூங்காதீர்கள், மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள்.

மார்புத் தோல் மரத்திருப்பதற்குக் காரணம் வேறு. மார்புச் சுவரின் உள்பக்கத்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் இணைப்பது வழக்கம், பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் எடுப்பார்கள். அப்போது அங்குள்ள தோல் நரம்பும் அடிபடுவது உண்டு, அந்த இடத்தில் உணர்ச்சி திரும்ப நாளாகும். உணர்ச்சி இல்லாத தோலில் புண் வந்தாலும் தெரியாது. வாசித்து முடித்ததும் கண்ணாடியில் பாருங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவீர்கள். கம்பி முனை குத்தினால் ரத்தம் நிற்க நேரமாகும், அதனால் டியூனர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒட்ட வெட்டி வையுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சிலருக்கு விரல்களைச் சில்லிட வைக்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. மார்பெலும்பு நகர்வது போலவோ ‘க்ளிக்’ என்றோ தோன்றினால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு நேராக சர்ஜனிடம் போங்கள்.

மிக்ஸர் தம்பி:
அண்ணாச்சி, ஆம்ப் விஷயத்துக்கு நான் வருகிறேன். கொடை மேடையில் எல்லாமே மிக்ஸர் வழியாகத்தான் வெளியே போகிறது. ட்வினுக்கு முன்னால் ஒரு மைக் வைக்கிறோம், அவ்வளவுதான். ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரி ஒரு மாடலர் (ஆம்ப் சத்தத்தைப் போலச் செய்யும் சின்னப் பெட்டி) ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். அதிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒயர் போட்டுவிட்டு, உங்கள் சத்தத்தை மானிட்டரில் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கம்பெனிதான் வேண்டும் என்றில்லை, பழைய மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் குறைந்த விலைக்கு நிறையக் கிடைக்கிறது. கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்வது) இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் நேராகக் கொடுத்தால் டிஸ்டார்ஷன் ஈ இரைகிற மாதிரி கேட்கும்.

ட்வினை விற்க வேண்டாம். வீட்டில் இருக்கட்டும்.

பாளை கிட்டார்:
அக்கா, தம்பிகளே, ரொம்ப நன்றி. டாக்டரிடம் சொன்னேன், டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். நரம்பில் பாதிப்பு உண்டு, ஆனால் பலம் திரும்பிக்கொண்டிருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்றார். பிசியோவுக்கும் போகிறேன். 9-42 போட்டு அரை ஸ்டெப் இறக்கியதில் பார் கார்ட் கொஞ்சம் நிற்கிறது. லீடில்தான் சுண்டு விரல் இன்னும் பின்தங்குகிறது. அப்புறம், நாலு மணி நேரம் நிற்பதை என்ன செய்வது?

மூன்றாம் ஃப்ரெட்:
லீடை மூன்று விரலுக்கு மாற்றி எழுதிப் பழகுங்கள் அண்ணாச்சி. ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928ல் நடந்த தீ விபத்தில் இடது கையின் இதே மோதிர விரலும் சுண்டு விரலும்தான் முடங்கிப் போயின. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டை வைத்தே சோலோ வாசித்து, ஐரோப்பிய ஜாஸுக்கே ஒரு புதுப் பாணி கொடுத்தார். அவர் வாசிப்பைப் பார்த்தால், பக்கத்துக் கம்பிக்குத் தாவாமல் ஒரே கம்பியில் கையையே நகர்த்திப் போவது தெரியும். உங்களுக்கும் அதுதான் சுலபம். ரிதமில் ஆறு கம்பியும் பிடிக்க வேண்டாம். கீழ் ஸ்வரத்தை பாஸ் கிட்டார் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் மெல்லிய மூன்று கம்பி மட்டும் பிடித்தால் போதும்.

நிற்கவே வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலுக்குக் கீழே ஃபுட் ஸ்டூல் வைத்து, கிட்டாரை இடது தொடையில் நிறுத்துங்கள். எடை முழுக்கத் தொடைக்குப் போய்விடும், மார்புக்கு வேலை இல்லை. மூன்று அங்குல அகல ஸ்ட்ராப்பைக் கிட்டார் நழுவாமல் இருப்பதற்கு மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

பிசியோ அக்கா:
பாட்டுக்கு நடுவில் கையைத் தொங்கவிட்டுத் தளர்த்துங்கள். கச்சேரி முடிந்து ராத்திரி ஒரு மணிக்குக் கடையில் பரோட்டா வேண்டாம் சார், வீட்டிலிருந்து இட்லி கொண்டு போங்கள். வேனில் தூங்கிவிட்டு ராத்திரி மாத்திரையைத் தவற விடுகிறவர்கள் நிறையப் பேர். போனில் அலாரம் வையுங்கள்.

பாளை கிட்டார்:
வைத்தாயிற்று அக்கா. குழுத் தலைவரிடமும் பேசிவிட்டேன். இந்த சீசனில் முதல் பாதி மட்டும் நான், இரண்டாம் பாதிக்கு ரிதம் வாசிக்கிற பையன் லீட் எடுப்பான். சம்பளத்தில் அவனுக்கு ஒரு பங்கு. அவனுக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்ததில் எனக்கும் தினமும் பயிற்சி நடக்கிறது. தம்பி, கேபினட் சிமுலேஷன் உள்ள பழைய பெடல் உங்கள் பக்கம் கிடைத்தால் சொல்லுங்கள்.

மிக்ஸர் தம்பி:
என்னிடமே ஒன்று சும்மா கிடக்கிறது. சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள், பிடித்தால் அப்புறம் விலை பேசலாம்.